ஹார்ட் டிஸ்க்கின் நெற்றி

"அதுக்கு நெத்தி எதுன்னு எனக்கு எப்படிண்ணே தெரியும்?"

ஆனையூர் பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து இந்தக் கேள்வி வந்ததும் போனை மூடி வைத்தேன். கேட்டவர் கல்யாண வீடியோ எடுப்பவர் என்பது போகப் போகப் புரிந்தது. பக்கத்திலிருந்த கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் அவருடைய ஹார்ட் டிஸ்க்கை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேபிள மாத்திப் பாத்தேன், வேற கம்ப்யூட்டர்ல சொருகிப் பாத்தேன். லைட்டே எரியலண்ணே."

"எப்படி எரியும்? கேபிள் சொருகுற ஓட்டைக்குள்ள அம்புட்டுச் சந்தனம் காஞ்சு கெடக்கு. ஆயுத பூசைக்குப் பொட்டு வைக்க வேற எடமே கெடைக்கலையா தம்பி?"

"மத்த எடமெல்லாம் வழவழன்னு இருந்துச்சு. அங்கதான் நின்னுச்சு."

"நல்லவேளை, எலுமிச்சம்பழம் நசுக்காம விட்டியே. உள்ள என்ன இருக்கு?"

"விளாங்குடி கல்யாணம். பொண்ணும் மாப்பிள்ளையும் நாளைக்கு வெளிநாடு கெளம்புறாக. அதுக்குள்ள குடுக்கணும்."

"இன்னொரு டிஸ்க் வாங்கிக் காப்பி போட்டு வைன்னு சொன்னேனே, செஞ்சியா?"

"செஞ்சேண்ணே."

"அப்பாடா. அதுலருந்து குடுக்க வேண்டியதுதான?"

"அதுவும் தொழில் சாமான்தானண்ணே. அதுக்கு மட்டும் பொட்டு வைக்காம விட முடியுமா?"