ராக்குவின் பெயருக்கு நேரே

போடியில் பிறந்தவனுக்கு ஏலக்காய் டீ பிடிக்காது என்றால் யாரும் நம்புவதில்லை. எனக்குப் பிடிக்காது. வெறும் டீயே போதும், ஐயா. தாளை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

ஏலத்தோட்ட முதலாளிகள் சிலர் சேர்ந்து நடத்தும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு எண்பத்தெட்டாம் வருடம் கம்ப்யூட்டர் வந்தது. தருமத்துக்கு வந்ததல்ல. பெனிசிலின் போடுமுன் தோலில் ஒரு சோதனை ஊசி போட்டு அரை மணி நேரம் பார்ப்பார்கள். அதற்குள் மலைக்குப் போகிற ஜீப்பு போய்விடும், முதலாளிக்கு ஒரு ஆள் குறையும். யாருக்கு எந்த மருந்து ஆகாது என்பதை மெஷினில் ஏற்றிவிட்டால் அந்த அரை மணி மிச்சம். வீடு வீடாகப் போய் விசாரித்து ஏற்றியவன் நான். புரோகிராம் எழுதியவனும் நான்.

அப்போது புதிதாக வந்த முறையில் எழுதினேன். ஒரு தொழிலாளியின் விவரங்களையும் அவற்றை எடுக்கிற, மாற்றுகிற கட்டளைகளையும் ஒரே கட்டாகக் கட்டுவது. கிளாஸ் என்பார்கள். கட்டுக்குள் எது 'பப்ளிக்', எது 'பிரைவேட்' என்று எழுதுகிறவன் குறிக்க வேண்டும். பப்ளிக் என்றால் எவனுடைய புரோகிராமும் நேராகத் தொடலாம். பிரைவேட் என்றால் கட்டுக்குள் இருக்கும் கட்டளைகள் மட்டுமே தொடும். வெளியார் அந்தக் கட்டளைகளிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். முதலில் நான் எல்லாவற்றையும் பப்ளிக்காகவே விட்டிருந்தேன். நல்லவனாக இருந்த காலம்.

பிறகு ராஜாராம் வந்தான். மதுரையில் டிப்ளமா படித்தவன். டாக்டருக்கும் நர்சுக்கும் தினமும் பட்டியல் அச்சடித்துக் கொடுப்பது அவன் வேலை. அதற்காக அவன் எழுதிய புரோகிராம் என் கட்டுக்குள் கையை விட்டு முப்பது பேரின் இரத்த வகையை மாற்றிவிட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து நான்தான் சரிசெய்தேன். அன்றே எல்லாவற்றையும் பிரைவேட் ஆக்கினேன். கேட்டால் பதில் சொல்ல மட்டும் ஒரு கட்டளையை வெளியே வைத்தேன். அதில் தப்பில்லை, ஐயா. விவரம் தெரிந்த எவனும் அதைத்தான் செய்வான்.

ஆண்டு விழாவில் பட்டியலைத் தூக்கிக் காட்டி ராஜாராமுக்கு மாலை போட்டார்கள். மாலையோடு இறங்கி வந்தவன் என்னிடம், "சோலைமலை அண்ணே, அந்த நாற்காலியக் கொண்டாங்க" என்றான். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அதுதான். எனக்கு வயிறு எரிந்தது. அதை நான் மறைக்கவில்லை.

மறுநாள் அந்தக் கட்டளையில் ஒரே ஒரு வரியை மாற்றினேன். ஆகாத மருந்து உண்டா என்று வெளியிலிருந்து கேட்டால், எந்த ஆளுக்கும் 'நோ' என்றே சொல்லும். உள்ளே ஒரு எழுத்தையும் நான் அழிக்கவில்லை. என் திரையில் எல்லாம் சரியாகத்தான் வந்தது. எல்லாப் பெயருக்கும் நேரே 'நோ' வருவதைப் பார்த்துப் பட்டியல் பொய் என்று இரண்டொரு நாளில் தெரியும், ராஜாராம் என் மேசைக்கு வந்து கையைப் பிசைவான் என்று நினைத்தேன். மூன்று வாரமாகியும் வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, சிலமலை ஊரிலிருந்து தோட்ட வேலைக்குப் போகிற ராக்கு வந்தாள். அட்டை கடித்த புண், கால் முழுக்கச் சீழ். என் அறைக்கும் ஊசி போடும் அறைக்கும் நடுவில் பலகைத் தடுப்புதான். வெளியே ஜீப்பு ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"பென்சிலினு எனக்கு ஒத்துக்கிறாது தாயி. முந்தி ஒருக்கா மூச்சு முட்டிருச்சு" என்றாள் ராக்கு. நான் விசாரிக்கப் போனபோது மோர் கொடுத்து இதையேதான் என்னிடமும் சொன்னாள்.

"லிஸ்ட்டுல உங்களுக்கு ஒண்ணும் இல்லேன்னு போட்டிருக்கே ஆத்தா" என்றாள் நர்ஸ் செல்லக்கிளி. பிறகு குரல் கொடுத்தாள். "ராஜாராம் தம்பி, லிஸ்ட்டு சரிதானே?"

"மெசின்ல உள்ளதுதான்க்கா" என்றான் அவன்.

"அப்ப அது வேற ஊசியா இருக்கும். மெசினு பொய்யா சொல்லப் போகுது? வெரசா போடு தாயி, ஜீப்பு போயிரும்" என்றாள் ராக்கு.

நான் என் திரையில் அவள் பெயரை எடுத்துப் பார்த்தேன். நேரே 'எஸ்' என்று இருந்தது. எழுந்து நாலு எட்டு வைத்திருந்தால் போதும். நான் எழவில்லை. ராஜாராம் வருவான் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வரும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றுகூட யோசித்தேன். ஊசி போட்ட பத்து நிமிடத்தில் ராக்குவின் மூச்சு நின்றது. அந்தக் கூச்சலுக்கு நடுவே வரியைப் பழையபடி மாற்றி வைத்தேன்.

மெஷினில் 'எஸ்' இருக்க, பட்டியலில் 'நோ' என்று பொய்யாக அடித்தான் என்று ராஜாராமைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவன் பொய்யாக அடிக்கவில்லை. வரியை மாற்றியவன் நான். தெரிந்தே உட்கார்ந்திருந்தவனும் நான். ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், ஐயா: அவன் மட்டும் என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ராக்கு இன்று உயிரோடு இருந்திருப்பாள்.