ஃபிரெடிக்கு ஊட்டிய முதல் கரண்டி

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 18ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பகல் 12.10 மணிக்கு, காவல் நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் தலைமைக் காவலர் திருமதி சந்திரிகா முன்பாக, நானாக நேரில் வந்து, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் சொல்லி எழுதவைத்தது.

என் பெயர் தேவானந்தம். தகப்பனார் பெயர் தாவீது, காலமாகிவிட்டார். வயது 61. சிட்லபாக்கத்தில் ஏரிக்கு அடுத்த தெருவில், காலஞ்சென்ற என் தங்கையின் மகள் எப்சியின் வீட்டு மாடி அறையில் ஏழு வருடமாக இருந்து வருகிறேன். ரயில்வேயில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் கை படாமல் தாம்பரத்திலிருந்து ஒரு மின்சார ரயில்கூட அந்தக் காலத்தில் நகர்ந்ததில்லை. திருமணம் ஆகவில்லை. இப்போது நான் சொல்லப்போவதை, தாம்பரம் தொடங்கி கீழ்க்கட்டளை வரை உள்ள ஜனங்களில் ஒருவர்கூட நம்பமாட்டார்கள் என்பதை என் சட்டைப்பையில் உள்ள புதிய ஏற்பாட்டின்மேல் கை வைத்து உறுதி கூறுகிறேன். நம்பாதவர்களை வரிசையாக நிறுத்தினால் ஏரியை இரண்டு சுற்று சுற்றிவரும் என்றும் எழுதச் சொன்னேன். தலைமைக் காவலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "போன டிசம்பர் வெள்ளத்துல, ஏரியிலிருந்து முதல வந்து உங்க சைக்கிளத் தின்னுடுச்சின்னு புகார் குடுத்தது நீங்கதான சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். முதலை மூன்று தென்னைமர நீளம் என்று சொன்னதும் நான்தான் என்றேன். அதன்பிறகு அவர் பேனாவை எடுத்துக்கொண்டார்.

மேற்படி எப்சிக்கும் அவள் கணவர் பிரிட்டோவுக்கும் சென்ற பிப்ரவரி 18ஆம் தேதி பிறந்த ஆண் குழந்தையின் பெயர் ஃபிரெடி. அவனுக்கு இன்றோடு ஆறு மாதம் நிறைகிறது. அதுவரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்று குழந்தை டாக்டர் சொன்னபடி எப்சி நடந்துகொண்டாள். அதற்குப் பிறகு எதை எப்போது கொடுப்பது என்று ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டியிருக்கிறாள். மூன்று நாளுக்கு ஒரு புதுச் சாப்பாடு. முதல் வரி அரிசிக் கஞ்சி, ஆகஸ்ட் 18. பத்தாவது வரி வேர்க்கடலைப் பொடி, செப்டம்பர் 14. இந்தப் பத்தாவது வரியைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் மறந்துவிட்டால் நினைவுபடுத்தும்படி தலைமைக் காவலரைக் கேட்டுக்கொண்டேன்.

பிள்ளைக்கு முதல் சோறு யார் ஊட்டுகிறார்களோ அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்று எங்கள் வீட்டில் நம்புவார்கள். பைபிளில் அப்படி இல்லை. இருந்தாலும் நம்புவார்கள். எப்சி ஒரே பிள்ளை என்பதால் ஃபிரெடிக்குத் தாய்மாமன் கிடையாது. அந்த ஸ்தானத்தில் நான் இருப்பதாக நான் நினைத்துக்கொண்டு, ஒரு வெள்ளிக் கரண்டி வாங்கி, அதில் ஃபிரெடி என்று பெயரும் வெட்டிவைத்திருந்தேன். இரண்டு வாரத்துக்கு முன் ஞாயிறு மதியச் சாப்பாட்டில் பேச்சு வந்தபோது, பிரிட்டோவின் தகப்பனார் சாலமோன் ஊட்டுவது என்று முடிவானது. அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சொந்த மகனையே கணக்குப் பரீட்சையில் இரண்டு மார்க்கில் ஃபெயிலாக்கியவர். இன்று ஆராதனை முடிந்ததும் சர்ச்சில் ஜெபம் பண்ணி ஊட்டுவதாக ஏற்பாடு.

அப்போது நான், ஏன் என் கையில் என்ன குறை என்று கேட்டேன். அதற்கு எப்சி, "மாமா, நீங்க ஊட்டினா அவ்ளோதான். ஹோம்வொர்க் எங்கடான்னு கேட்டா, முதல தின்னுடுச்சி மிஸ்ஸுன்னு சொல்லுவான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் சிரித்த சிரிப்பு ரயில் பாதை வரை கேட்டு, கடற்கரைக்குப் போக வேண்டிய வண்டி ஒன்று சிக்னல் விழுந்ததென்று நின்றுவிட்டது. அன்று சாயங்காலம் எனக்கு வைத்த பன்னிரண்டு இட்லியில் பத்து மீந்தது. கரண்டியை யாரிடமும் காட்டவில்லை.

எப்சிக்கு முதல் சோறு ஊட்டியவன் நான்தான். அவள் குழந்தையில் லேசில் வாய் திறக்க மாட்டாள். ஒரு வாய்க்கு ஒரு கதை சொல்ல வேண்டும். யானை ரயிலில் டிக்கெட் இல்லாமல் போனது, நிலாவுக்குப் பல் விழுந்தது என்று நான் சொல்லச் சொல்லத்தான் அவள் வளர்ந்தாள். அவள் இந்த வயதுவரை ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. இதை அந்த மதியமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நேற்று சனிக்கிழமை மாலை மூன்றே முக்கால் மணிக்கு எப்சியும் பிரிட்டோவும் குழந்தையை உட்காரவைத்து ஊட்டும் நாற்காலி வாங்க தாம்பரம் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். முடிச்சூரிலிருந்து வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பச்சையம்மா, மேகம் கூடுகிறதென்று மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனார். நான் கீழே இறங்கி வந்தேன். எப்சி காலையில் ஒத்திகையாகக் காய்ச்சிப் பார்த்த அரிசிக் கஞ்சி ஒரு சின்னக் கிண்ணத்தில் மூடியிருந்தது. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பும் இல்லை, இனிப்பும் இல்லை, தலைமையாசிரியர் மாதிரி இருந்தது. அதன்பிறகு, பேருந்து நிறுத்தத் தள்ளுவண்டியில் வாங்கி என் சட்டைப்பையில் வைத்திருந்த கடலை உருண்டையில் ஒரு ஓரத்தைக் கிள்ளி, டம்ளரின் அடிப்பாகத்தால் தேய்த்து, ஒரு துணுக்கும் மிச்சமில்லாமல் மாவாக்கினேன். தொண்டையில் சிக்கக்கூடாது என்பது எனக்குத் தெரியும். அதைக் கஞ்சியில் கலந்து, ஃபிரெடியை மடியில் வைத்து, வெள்ளிக் கரண்டியால் ஒரு கரண்டி ஊட்டினேன். மாடிப்படியில் காலடி கேட்டது. கரண்டியை அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு, கிண்ணத்தைக் கழுவி வைத்தேன்.

துணி மடித்துக்கொண்டிருந்த பச்சையம்மா பத்து நிமிடத்துக்குள், "ணா, இங்க வா. புள்ள ஒதடு இன்னா இப்டி வீங்கிக்கீது?" என்று கூப்பிட்டார். கண்ணும் வீங்கியிருந்தது. வயிற்றில் திட்டுத் திட்டாகச் சிவப்பு. ஒரு முறை வாந்தி எடுத்தான். அதன்பிறகு பச்சையம்மா செருப்புப் போடாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி, நடுரோட்டில் நின்று ஆட்டோவை மறித்தார். நான் பின்னால் ஓடினேன். வழியில் குழந்தையின் காலிலிருந்து விழுந்த ஒரு சாக்ஸை எடுத்துக்கொண்டேன். ஆட்டோவில் குழந்தை மூச்சு விடும்போது ஒரு சத்தம் வந்தது. ரயிலில் பிரேக் குழாய் அடைத்தால் அந்தச் சத்தம் வரும். முப்பத்தைந்து வருடம் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எது அடைத்திருக்கிறது என்று சொல்லிவந்தவன் நான். பச்சையம்மா குழந்தையின் வாயை மோந்து பார்த்து, "கடல வாசன வருதுணா. நீ எதுனா குடுத்தியா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்தவுடன் தொடையில் ஊசி போட்டார். அதன்பிறகு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். பச்சையம்மா தான் எதுவும் கொடுக்கவில்லை என்றும், கடலை வாசனை வருகிறது என்றும் சொன்னார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "நான் மாடியில தூங்கிட்டிருந்தேன் டாக்டர்" என்றேன். என் அறுபத்தொரு வருடத்தில் நான் சொன்ன பொய்களில், ஆட்டோவில் சொன்ன இல்லையைச் சேர்த்து, அலங்காரம் இல்லாத பொய் அது ஒன்றுதான். யானை இல்லை, முதலை இல்லை. அதைத்தான் எல்லோரும் நம்பினார்கள்.

அதன்பிறகு எப்சியும் பிரிட்டோவும் வந்தார்கள். டாக்டரம்மா கேட்டதற்கு, பிள்ளை பிறந்ததிலிருந்து வீட்டில் கடலையே வாங்குவதில்லை என்று எப்சி சொன்னாள். அவள் சொன்னது உண்மை. வீட்டில் இல்லாத கடலையின் வாசனை எப்படி வரும், தூங்கவைக்க ஏதோ மருந்தைக் கொடுத்துவிட்டுக் கதை விடுகிறீர்களா என்று பிரிட்டோ பச்சையம்மாவைக் கேட்டார். அதற்குப் பச்சையம்மா, "என் வாய்ல வர்றது கத இல்ல தம்பி, புள்ள வாய்ல வந்த வாசன" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அங்கே சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. ஐந்து மணி ஏழு நிமிடம். இன்று காலை பிரிட்டோ இங்கே புகார் கொடுத்து, அதன் பேரில் பச்சையம்மாவை அழைத்துவந்து உட்காரவைத்திருக்கிறார்கள். இதை நான் சொல்லும்போது அவர் எதிர் பெஞ்சில் இருக்கிறார். வேறு யாருடைய செருப்பையோ போட்டிருக்கிறார்.

இன்று காலை பத்தரை மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஃபிரெடி மூக்கில் குழாயோடு தூங்கிக்கொண்டிருந்தான். ஆபத்தில்லை, இரண்டு நாளில் அனுப்பிவிடுவோம், ஆனால் எதனால் வந்தது என்று தெரிந்தால்தான் எதைத் தொடக்கூடாது என்று சொல்ல முடியும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார். நான் எப்சியிடம், கொடுத்தது நான், கடலை உருண்டை என்றேன். அவள் என்னைப் பார்க்காமல், "மாமா, பச்சையம்மாவக் காப்பாத்தறதுக்கு இதுலயும் கத கட்டாதீங்க. இன்னிக்கி மட்டும் வேணாம்" என்றாள். பிரிட்டோ, "அங்கிள், நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார். அதன்பிறகு நான் அங்கிருந்து நடந்தே நானூறு மைல் கடந்து இந்த நிலையத்துக்கு வந்தேன். தலைமைக் காவலர் அதை இரண்டு கிலோமீட்டர் என்று திருத்தினார்.

என் வாய்வார்த்தையை எடுத்துக்கொள்ள முடியாது, ஏதாவது அத்தாட்சி வேண்டும் என்று தலைமைக் காவலர் சொன்னதால், நேற்றிலிருந்து மாற்றாத சட்டையின் பையில் புதிய ஏற்பாட்டைத் தவிர இருந்ததை மேஜைமேல் வைத்தேன். ஒரு சாக்ஸ், காகிதத்தில் சுற்றிய முக்கால் கடலை உருண்டை, கஞ்சி காய்ந்து ஒட்டிய வெள்ளிக் கரண்டி. தலைமைக் காவலர் கரண்டியை மோந்து பார்த்தார். பெயரைப் படித்தார். அதன்பிறகு எப்சிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து விவரம் சொன்னார். எப்சி, "மாமா, ஊட்டும்போது அவனுக்கு என்ன கத சொன்னீங்க?" என்று கேட்டாள்.

கதை எதுவும் சொல்லவில்லை என்றேன். "வாயத் தெற சாமின்னு மட்டும் சொன்னேன்" என்றேன்.

எப்சி எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டாள். ஒரு கரண்டி என்றேன். எத்தனை மணிக்கு என்று கேட்டாள். சொன்னேன். பக்கத்தில் இருந்த நர்ஸிடம் அவள் வேர்க்கடலை என்று சொல்வது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அதன்பிறகு போனை வைத்துவிட்டாள்.

தலைமைக் காவலர் நினைவுபடுத்தியதன் பேரில் பத்தாவது வரியைப் பற்றிச் சொல்கிறேன். ஃபிரிட்ஜில் உள்ள தாளில் அந்த வரியை அடித்துவிட வேண்டும். அதைத் தலைமைக் காவலரே பிரிட்டோவிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னால் எடுபடாது. பச்சையம்மா மேல் எந்தக் குற்றமும் இல்லை. அவர் மறித்த ஆட்டோவால்தான் குழந்தை பிழைத்தது. என் மேல் எந்த வழக்குப் போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதை ஆய்வாளர் வந்து முடிவு செய்வார் என்று தலைமைக் காவலர் சொன்னார். பச்சையம்மாவிடம் வீட்டுக்குப் போகலாம் என்றும் சொன்னார். பச்சையம்மா எழுந்து என் பக்கத்தில் வந்து, "ஆட்டோலயே சொல்லிருக்கலாம்லணா" என்றார். அவர் மேஜைமேல் இருந்த சாக்ஸை மட்டும் எடுத்து மடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரி இருக்கும் பக்கமாக நடந்தார்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கடைசியில் மேலே கண்டவை யாவும் உண்மை என்று எழுதியிருந்ததால் கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன். அதை அடித்துவிட்டுக் கீழ்க்கண்டவாறு எழுதச் சொன்னேன். முதலை பொய். சைக்கிளை நானே பூட்டாமல் விட்டேன், வெள்ளம் கொண்டுபோய்விட்டது. என் சிரிப்புக்கு ரயில் நிற்கவில்லை. பன்னிரண்டு இட்லி நான் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. என் கை படாமலும் ரயில்கள் நேரத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. மாடியில் நான் தூங்கவில்லை. ஊட்டியது உண்மை என்பதற்குக் கரண்டி இருக்கிறது. அத்தாட்சி எதுவும் இல்லாத சிறு பகுதி ஒன்றை நான் இதுவரை சொல்லவில்லை. அந்த ஒரு கரண்டியை அவன் துப்பவில்லை. விழுங்கிவிட்டு, என்னைப் பார்த்து, இன்னொரு கரண்டிக்கு வாயைத் திறந்தான். அது மட்டும் நான் கூட்டாமல் குறைக்காமல் சொல்லும் உண்மை.

(ஒப்பம்)
தா. தேவானந்தம்

என் முன்பாகச் சொல்லப்பட்டு, என்னால் எழுதப்பட்டது.
சந்திரிகா, தலைமைக் காவலர்