உன் அக்காவின் அமைதிக்காக

மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக் கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விடுவது என் வழக்கம். உன் அக்கா கேலி செய்வாள். "எங்கப்பாவுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா உங்களுக்கு ஒரு எண்ணெய் டப்பாவையே கட்டி வச்சிருப்பாரு" என்பாள். நானும் சிரிப்பேன். கிறீச்சிடும் கதவை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்ததில்லை. மற்றபடி நான் எதற்கும் முகம் சுளிப்பவன் இல்லை என்று உனக்கே தெரியும்.

உன் அக்காவின் காரியமெல்லாம் முடிந்து கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று கேட்டாய். "எம்மேல கோபத்தோடதான் போனாளா மாமா?" கேள்வி சின்னது, பதில் கொஞ்சம் நீளம். நின்றுகொண்டே சொல்லக்கூடியது இல்லை. அதனால் எழுதுகிறேன்.

என் வேலை செவித்திறன் பரிசோதிப்பது. மருத்துவமனையில் எனக்கென்று ஓர் அறை உண்டு. வெளிச்சத்தம் துளியும் நுழையாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவேன். கேட்டால் கையிலுள்ள பட்டனை அமுக்க வேண்டும். உன் அக்காவுக்கு வாய்த்தது மின்சார அலுவலகத்தின் புகார்த் தொலைபேசி. எட்டு மணி நேரம் ஊரார் வாயில் விழுந்து எழுந்து வருவாள். வந்ததும் முகம் கழுவி, சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து உன்னை அழைப்பாள்.

"கேளுடி வாலு, இன்னிக்கு ஒருத்தன். 'கோவிச்சுக்கிட்டுப் போன எம்பொண்டாட்டியே திரும்பி வந்துட்டா, உன் கரண்டு வரலையே'ங்கிறான். 'கரண்டு வந்திருந்தா அவங்க முகம் தெரிஞ்சிருக்குமே சார், அதான் வேணாம்னு விட்டோம்'னு சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சு."

ஆளுக்கு ஒரு குரலில் நடித்துக் காட்டுவாள். நீ அந்தப் பக்கம் சிரிப்பது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கும். சில நாள் சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அழத் தொடங்குவாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "சரிடி, உலை கொதிக்குது" என்று வைத்துவிடுவாள். அந்த ஒரு மணி நேரமும் நான் பக்கத்து அறையில் செய்தித்தாளின் ஒரே பத்தியைப் படித்துக்கொண்டிருப்பேன். இதை நான் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை.

போன ஆண்டு அவளுக்கு ரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறியது. அவளை எடை பார்க்க அனுப்பிவிட்டு, மருத்துவர் அம்மா என்னிடம் சொன்னார்: "இவங்களுக்கு டென்ஷனே ஆகக்கூடாது. வேலைக்குக் கொஞ்ச நாள் லீவு போடச் சொல்லுங்க. வீட்ல அமைதியா வச்சுக்குங்க."

அந்தப் பொறுப்பைத்தான் நான் ஏற்றுக்கொண்டேன். விடுப்பு எடுக்கவைத்தேன். தொலைக்காட்சியை அறையிலிருந்து எடுத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அவள் அழுவது உன்னிடம் பேசும்போது மட்டும்தான்.

அவள் போனில் உன் அழைப்பு வராதபடி தடுத்துவைத்தேன். உன் பெயருக்கு நேரே இருந்த எண்ணை எடுத்துவிட்டு, நான் புதிதாக வாங்கிய இன்னொரு போனின் எண்ணைப் போட்டேன். இந்தக் காலத்தில் யார் யாருடைய எண்ணை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்? அவள் போனிலிருந்து உனக்கு ஒரு செய்தி போயிற்று: "கொஞ்ச நாள் என்னை நிம்மதியா இருக்க விடு." எழுதியது நான். 'வாலு'விடமிருந்து அவளுக்கு ஒன்று வந்தது: "உன் புலம்பலைக் கேட்டுக் கேட்டு எனக்கே உடம்பு கெட்டுப் போச்சுக்கா." அதுவும் நான்தான். இரண்டிலும் கடுஞ்சொல் ஒன்றுகூட இல்லை என்பதை நீ கவனிக்க வேண்டும்.

படித்துவிட்டு வெகுநேரம் போனை மடியில் வைத்திருந்தாள். "பாவங்க அவ. நானும் எல்லாத்தையும் அவ தலையிலேயே கொட்டினா அவ எங்க போவா?" என்றாள். அன்று அவள் அழவில்லை. நான் அதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டேன். முதல் மாதம் ரத்த அழுத்தம்கூட இறங்கித்தான் இருந்தது.

அதன்பிறகு அவள் குளிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளத் தொடங்கினாள். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உள்ளே பேசுவாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளும் குரலைப் பிரித்தெடுக்கிற காது எனக்கு. புகார் சொல்கிறவனின் குரல், அவள் குரல், பிறகு உன் குரல். "அப்புறம் என்னக்கா சொன்னே?" என்று நீ கேட்பதுபோல் அவளே கேட்டு, அவளே சிரித்தாள். நாலைந்து நாள் கேட்டேன். பிறகு கதவைத் தட்டி, தண்ணீர் வீணாகிறது என்றேன். குழாயை மூடினாள். அதற்குப்பின் உள்ளே சத்தமில்லை.

மருத்துவர் அம்மா சொன்னதில் இன்னொரு பாதியும் உண்டு. இங்கேயே எழுதிவிடுகிறேன். "யார்கிட்டயாவது தினம் மனசு விட்டுப் பேசட்டும். அழணும்னா அழட்டும். அது மாத்திரையைவிட நல்லது. அப்படி யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். "நான் இருக்கேன்" என்றேன். அது பொய் இல்லை. நான் இருந்தேன்.

நீ வந்த நாள் உனக்கு மறந்திருக்காது. கையில் அவளுக்கென்று ஒரு போர்வை. "அஞ்சே நிமிஷம் மாமா. அவ திட்டினாக்கூடப் பரவாயில்லை, வாங்கிக்கிட்டுப் போறேன்" என்றாய். உன்னைப் பார்த்தால் அவளுக்கு அழுத்தம் ஏறுகிறது, அவள் உயிரோடு இருக்க வேண்டுமானால் போய்விடு என்றேன். தெருமுனைவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாய். நான் வாங்கிவைத்துக்கொண்ட போர்வையை உன்னிடமே கொடுத்தனுப்பியிருக்கலாம். அது ஏனோ தோன்றவில்லை.

உள்ளே வந்தால் அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். "என்னங்க, வாலு குரல் கேட்டுச்சே."

"யாரும் வரலையே."

"இல்லைங்க, கேட்டுச்சு. மாமான்னு கூப்பிட்டா."

மறுநாள் அவளை என் அறைக்கு அழைத்துப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் கைகட்டி உட்கார்ந்தாள். நான் அனுப்பிய ஒவ்வொரு ஒலிக்கும் பட்டனை அமுக்கினாள். இருபது வருட அனுபவத்தில் அந்த வயதில் அவ்வளவு நல்ல காதை நான் பார்த்ததில்லை. ஒலியே அனுப்பாமல் சற்று நேரம் இருந்துபார்த்தேன். அப்போது அவள் அமுக்கவில்லை. விரல் தூக்கியபடி, கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

வெளியே வந்ததும் சொன்னேன்: "இல்லாத சத்தமெல்லாம் உனக்குக் கேக்குது. பயப்படாதே, நரம்புத் தளர்ச்சிதான்."

"அப்ப வாலு வரலையா?"

"வரலை."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். வீடு வரும்வரை ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டே நடந்தாள். அன்றிலிருந்து யார் கூப்பிட்டாலும் உடனே திரும்ப மாட்டாள். நிஜமாகவே கூப்பிட்டார்களா என்று முதலில் என் முகத்தைப் பார்ப்பாள்.

மூன்று மாதம் இப்படிப் போயிற்று. வீட்டில் அப்படியொரு அமைதி எனக்கு வாய்த்ததே இல்லை.

கடைசி நாள் மதியம் வேலையில் இருந்தேன். ஒரு பெரியவருக்குப் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. மேஜை இழுப்பறை பாதி திறந்திருந்தது. அதற்குள் அந்த இரண்டாவது போன், ஒலி அணைத்து. திரையில் வெளிச்சம் வந்தது. அவள்தான். உன்னை அழைக்கிறாள். அத்தனை மாதத்தில் அவள் உன்னை அழைத்ததே இல்லை. உனக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். எதற்கு இப்போது என்று யோசித்தேன். எடுத்தால் என் குரல் தெரிந்துவிடும். எடுக்கவில்லை.

வெளிச்சம் அணைந்து மறுபடி வந்தது. பெரியவர் ஒழுங்காகப் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொன்றாக எண்ணினேன். பத்தொன்பது நிமிடத்தில் பதினோரு அழைப்புகள். அவளைப்போலத் தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்தவர்கள் பேச்சுக் குழறினாலும் சில நேரம் கையால் போனை இயக்க முடியும் என்று பிறகு மருத்துவர்கள் சொன்னார்கள். அந்த நேரத்துக்குள் யாராவது வந்திருந்தால் பிழைத்திருக்க வாய்ப்புண்டு என்றும் சொன்னார்கள். வீடு என் அறையிலிருந்து எட்டு நிமிட நடை. என் எண்ணுக்கு அவள் ஒருமுறைகூட அழைக்கவில்லை. அதில் எனக்கு இன்றும் கொஞ்சம் வருத்தம் உண்டு.

ஆகவே உன் கேள்விக்குப் பதில்: இல்லை. உன்மேல் அவளுக்குக் கோபம் இருந்ததில்லை. கடைசியாக அவள் தேடியது உன்னைத்தான். அது உன்னிடம் வந்து சேராமல் பார்த்துக்கொண்டவன் நான். இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் நீ காட்டலாம்.

பன்னிரண்டாவது அழைப்பு வரவில்லை. ஒருவழியாக மனதைத் தேற்றிக்கொண்டாள், நன்றாகத் தேறிவருகிறாள் என்று நினைத்தேன். இழுப்பறையை மூடிவிட்டுப் பெரியவரின் இன்னொரு காதைப் பார்க்கத் தொடங்கினேன்.