பூட்டாத ஃபோல்டர்

காரிமங்கலத்தில் பஸ் ஏறி தருமபுரி போய்க்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் டைப்பிங் வேலை பார்க்கும் பெண், பக்கத்திலிருந்த வயதில் மூத்தவளிடம் பொரிந்துகொண்டிருந்தாள்.

“பீரோவப் பூட்டினா கோவிக்காத மனுசன், ஃபோல்டரப் பூட்டினா கோவிக்கறாருக்கா!”

“என்ன ஃபோல்டரு?”

“பரீட்ச கேள்வித்தாள் வெச்சிருக்கறது. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஷேர் பண்ணியிருக்கு. பசங்க கம்ப்யூட்டர் லேப்புல இருந்துகூட யாரு வேணா தொறக்கலாம். நான்தான் பாஸ்வேர்டு போட்டேன். ‘நமக்குள்ள எதுக்கும்மா பூட்டு? டீச்சருங்க தப்பா நெனப்பாங்க’ன்னு ஹெட்மாஸ்டரே எடுக்கச் சொன்னாருங்க.”

“அப்புறம்?”

“பத்தாவது பசங்க லேப்புல உக்காந்து கணக்குக் கேள்வித்தாளப் பார்த்துட்டானுங்க. இப்ப நான்தான் கவனமில்லாம இருந்துட்டேனாம். நாளைக்கு விளக்கக் கடிதம் குடுக்கணுமாம். இல்லன்னா வேலைக்கே வர வேணாமாம்.”

“அநியாயமா இருக்குதே! எழுதிட்டியா?”

“எழுதாம? பாஸ்வேர்ட எடுக்கச் சொன்னது யாரு, என்ன சொல்லி எடுக்கச் சொன்னாரு, எல்லாம் டைப் பண்ணிட்டேன்.”

“பத்திரமா வெச்சிருக்கியா?”

“அதே ஃபோல்டர்லதான் வெச்சிருக்கேன். நமக்குள்ள எதுக்குக்கா பூட்டு? காலையில அவரு படிக்கறதுக்குள்ள அத்தன டீச்சருங்களும் படிச்சிருப்பாங்க.”