ஒரு விள்ளல்

ரிங்லெட் டவுனில் சாகுல் ஹமீது கடை முர்தபாவை, அந்த முட்டையும் கறியும் வைத்து மடித்த ரொட்டியை, சூட்டோடு தின்றுவிட வேண்டும், சார். ஆறினால் ரப்பர்தான். அன்று காலை ஒன்று கட்டிக்கொண்டு, தோட்டத்துக்கு மேலே இருக்கும் செமாய் பூர்வகுடிகளின் கம்பத்துக்கு, அவர்கள் கிராமத்துக்குப் போனேன்.

நானும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் பிறந்தவள்தான். யாருடைய நம்பிக்கையையும் கேலி பேச மாட்டேன். செமாய் மக்களின் நம்பிக்கைகளைத்தான் ஆராய்கிறேன். அதில் ஒன்று புனான். ஆசைப்பட்டுக் கேட்டது கிடைக்காதவருக்கு அன்று விபத்தோ பாம்போ காத்திருக்குமாம். அதனால் அங்கே யாரும் கையை விரிப்பதில்லை. கொடுக்க முடியாவிட்டால் விரலால் தொடவாவது விடுவார்கள். தொட்டால் போதும், தோஷம் போய்விடும்.

என் பேராசிரியர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாம் கேட்ட கதை, நீ கண்ணால் பார்த்தது எங்கே என்றார். நியாயமான கேள்விதானே.

பா உடா என் வழிகாட்டி. என் வயதுதான், தோட்டத்தில் வேலை செய்து தமிழ் பழகியவர். வாய்விட்டு எதையும் கேட்கிற ஆளே இல்லை. அன்று வாசனை பிடித்துச் சிரித்தார்.

"தனுஜா, ஒரு விள்ளல் குடு லா."

"இல்ல," என்றேன். கையை நீட்டினார். பொட்டலத்தைப் பைக்குள் வைத்து மூடினேன்.

அவர் முகம் செத்துப்போனது. இன்றைக்குக் காடு வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறேன் என்றார். அவர் மனைவி என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். போயே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். பாவம், மறுத்துப் பேசத் தெரியாத மனுஷர், கிளம்பி வந்தார்.

ஆற்றின் மேல் ஒரு மரப்பாலம் உண்டு. நீங்கள் முன்னால் போங்கள் என்றேன். நடுவில் போனபோது பாலம் சரிந்தது. மழையில் ஆறு கரைபுரண்டு ஓடியது. ஆற்றோடு போவதற்கு முன், சார், திரும்பி என்னைப் பார்த்தார்.

எனக்கு மனசே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இன்றுவரை சோறு இறங்கவில்லை.

தோட்டத்துக் கங்காணி செல்லையா அன்று காலையிலேயே என்னை நிறுத்திச் சொன்னார்: "பாலத்துக்கு அடிமரம் அரிச்சிப் போச்சும்மா, யாரையும் ஏற வுடாத." நான் உடாவிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொல்லியிருந்தால் புனான் பலிக்கிறதா என்று எப்படித் தெரியும்?

அடக்கத்தின்போது பையில் அப்படியே கிடந்த முர்தபாவில் ஒரு விள்ளல் பிட்டு, அவர் விரலில் தொட்டு வைத்தேன். இனி அவருக்கு ஒரு கெடுதலும் வராது.