துரை எடுத்த காலி வகுப்பு

மணி ஏழேகால். இரண்டு பக்கமும் ஷட்டர் இறக்கிய கிடங்குகள். நடுவில் ஒரு ரோடு... நாய்கூடக் கிடையாது. ரோட்டின் கடைசியில் ஒரு பழைய கட்டடம். அதன் முதல் மாடியில் ஒரே ஒரு ஜன்னலில் வெளிச்சம். உள்ளே ஒருவன் நின்றுகொண்டு, கையை ஆட்டி ஆட்டி, இங்கிலீஷ் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறான். எதிரே நாற்காலிகள். எல்லாம் காலி.

கொஞ்சம் பொறுங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது போலிருக்கிறது. எல்லாரும் போர்வையோடு கிட்ட வந்து உட்காருங்கள். வாயாடி, முக்கியமாக நீ. "இன்னிக்கு கிளாசுக்கு ஒருத்தரும் வரல. நானே கேள்வி கேட்டு, நானே பதில் சொல்லி, நேரத்தை ஓட்டிட்டேன்" என்று சாப்பிடும்போது பீற்றிக்கொண்டாயே, உனக்காகத்தான் சொல்கிறேன். இல்லாவிட்டால் இந்த ஆளைப் பற்றிப் பேசி என் வாயை நாறடித்துக்கொள்வேனா?

என்னோடு காலேஜில் படித்தாள் ஒரு சிநேகிதி. அவளுடைய அக்கா வீட்டுக்காரனுக்கு நடந்தது இது. 'அவர்' என்று மரியாதையாகச் சொல்லலாம்தான்... வாய் வரமாட்டேன் என்கிறது. ஊரில் அவனுக்குத் துரை என்று பட்டப்பெயர். பஸ்ஸில் காலை மிதித்தவனைக்கூட இங்கிலீஷில்தான் திட்டுவான். மிதித்தவன் அது திட்டு என்றே தெரியாமல் சிரித்துவிட்டு இறங்கிப் போவான்.

அப்பேர்ப்பட்டவன் வெளிநாடு போனான். என்ன வேலைக்கு? நாம் இங்கே பார்க்கிற அதே வேலைதான். பார்ட் டைம் வாத்தியார். ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவே ஊரெல்லாம் பஸ்ஸில் அலைவது. மார்க்கர் மை படிந்த விரலாலேயே ரொட்டியைப் பிய்த்துத் தின்பது. வீட்டில் என்ன சொன்னான் தெரியுமா? புரொபசர்! ஏதோ ஒரு காலேஜ் வாசலில் நின்று போட்டோ எடுத்து அனுப்பினான். அவனுடைய மாமியார்க்காரி அதைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டிவிட்டாள். பெருமைக்கு எருமை மேய்க்கிற கூட்டம்.

அக்காவும், மழலை பேசுகிற பெண் குழந்தையும் ஊரிலேயே இருந்தார்கள். அவர்களை அழைத்துக்கொள்ள வேண்டுமானால் அவனுக்குப் போதுமான மணி நேரம் வேலை இருக்கிறது என்று அவன் பாடம் எடுக்கிற இன்ஸ்டிட்யூட் விசாவுக்கு எழுதித் தர வேண்டும். ஒரு வகுப்பு கையை விட்டுப் போனாலும் அக்கா விமானம் ஏற முடியாது. "எப்ப எங்களைக் கூப்பிட்டுக்குவீங்க?" என்று தினமும் போனில் கேட்பாள், பாவம். அவனுக்கு உலகத்தில் இருந்த ஒரே கவலை அதுதான். அதுவாவது இருந்ததே.

அந்தச் சாயந்திர வகுப்புக்கு வந்தவர்கள் கிடங்குகளில் வேலை செய்கிறவர்கள். நாளெல்லாம் சுமை தூக்கிவிட்டு, ஈர ஷூவோடு வந்து, சொருகுகிற கண்ணை இழுத்துப் பிடித்துக்கொண்டு "குட் ஈவ்னிங் சார்" என்பார்கள். நமக்கென்றால் மனசு இளகிவிடும். துரைக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அதை அப்படியே இழுத்து, மூக்கால் பேசி, நாக்கைத் தடுக்கவிட்டு எல்லார் எதிரிலும் சொல்லிக் காட்டுவான். சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிற, வயசான, பெரிய உடம்புக்காரர் ஒருவர் இருந்தார். வாயைத் திறப்பதற்கு முன் தலையைக் குலுக்கிக்கொள்வார், வார்த்தை உள்ளே எங்கேயோ மாட்டிக்கொண்ட மாதிரி. துரை அதையும் செய்து காட்டினான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அந்த இலுப்பைப்பூவுக்கு இவ்வளவு திமிர்.

பெரியவர் மறுநாள் வரவில்லை. அப்புறம் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். ஒரு சாயந்திரம் போய்ப் பார்த்தால்... அத்தனை நாற்காலியும் காலி.

மானமுள்ளவன் என்ன செய்வான்? தேடிப் போய் மன்னிப்புக் கேட்பான். துரை என்ன செய்தான்? கதவைச் சாத்தினான்.

அந்த இன்ஸ்டிட்யூட் முதலாளியம்மாவுக்கு ஒரு பழக்கம். வகுப்பு நடக்கும்போது கதவைத் திறக்கவே மாட்டாள். வராந்தாவில் நடந்தபடி காது கொடுப்பாள். வாத்தியார் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்லும் சத்தம் கேட்டுவிட்டால் வகுப்பு நடந்ததாக அர்த்தம். அதனால் துரை வாத்தியாராக ஒரு தரம் சொன்னான். மாணவர்களாக ஒரு தரம் திருப்பிச் சொன்னான். யார் குரலில்? நின்றுபோனார்களே, அவர்களின் குரலில். ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்து, அந்தந்த ஆள் மாதிரி இழுத்து, மூக்கால் பேசி, தலையைக் குலுக்கி...

"ரிப்பீட் ஆஃப்டர் மீ. மை வைஃப் இஸ் கமிங் சூன்."

அப்புறம் அதையே விதவிதமான கோணல் குரல்களில். வராந்தாவில் செருப்புச் சத்தம் வரும். கதவருகே நிற்கும். நகர்ந்து போய்விடும். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவனே சிரித்துக்கொள்வானாம். வாயாடி, நீயும் சிரித்தாய்தானே?

இப்படியே கொஞ்ச நாள் ஓடியது. அன்றைக்கு வெளியே மழை. அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஹீட்டரில் தூசி கருகுகிற வாசனை. போர்டில் எழுதிக்கொண்டே "மை வைஃப் இஸ் கமிங் சூன்" என்றான். திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தான்... இருமல் பிடித்துக்கொண்டது. போர்டைப் பிடித்துக்கொண்டு இருமினான். கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் நின்றது. அவ்வளவுதான், மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தான்.

அப்போது முதுகுக்குப் பின்னால்... மூச்சு.

நமக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த சத்தம்தான். வகுப்பே சேர்ந்து பதில் சொல்வதற்கு முன்னால், எல்லாரும் ஒன்றாக மூச்சை இழுப்பார்களே... ஸ்ஸ்ஸ்... அது.

"மை வைஃப் இஸ் கமிங் சூன்."

அத்தனை குரல்கள். அவன் இழுத்த அதே இழுப்பு. அவன் காட்டிய அதே மூக்கு, அதே தடுக்கல். செருப்புச் சத்தம் நகர்ந்து போனது. அவன் திரும்பிப் பார்த்தான். காலி நாற்காலிகள்... ஈர ஷூ வாசனை மட்டும் குப்பென்று அடித்தது.

நீங்களாக இருந்தால் விழுந்தடித்து ஓடியிருப்பீர்கள். அன்றைக்கு அவனும்தான் ஓடினான். ஆனால் மறுநாள் அதே நேரத்துக்கு வந்து நின்றான், வெட்கங்கெட்டவன்! வகுப்பு போனால் மணி நேரம் போகும், மணி நேரம் போனால் குடும்பம் வராது, புரொபசர் வேஷம் கலையும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். அவை திருப்பிச் சொல்லின. இரண்டு நாளில் பயம் தெளிந்துவிட்டது. தொண்டைக்கு ஓய்வு என்று மேஜை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டானாம். ஓசியில் கிடைத்தால் பேயைக்கூட வேலைக்கு வைத்துக்கொள்கிற ஜன்மம்.

ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் அந்த ஃபோர்க்லிஃப்ட் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். இவனைப் பார்த்து வழக்கம்போலத் தலையைக் குலுக்கினார். தட்டுத் தடுமாறி இங்கிலீஷில்தான் கேட்டார், நான் நம் பாஷையில் சொல்கிறேன்.

"இப்ப யாருக்கு சார் பாடம் எடுக்கறீங்க?"

"புது பேட்ச்" என்றான் துரை.

"ரோட்டுல இருந்து பார்த்தேன் சார். ரூம் நிறைய ஆளுங்க. என் நாற்காலில ஒருத்தன் உக்காந்திருக்கான். என்னை மாதிரியே தலையை ஆட்டறான்..." கொஞ்சம் யோசித்தார். "இல்ல சார். என்னை மாதிரி இல்ல. நீங்க என்னை மாதிரி செஞ்சு காட்டினீங்களே... அந்த மாதிரி."

பஸ் வந்தது. அவர் ஏறிக்கொண்டார்.

அன்றைக்கு வகுப்பில் நுழைந்ததும் முதல் வேலையாக, "கிளாஸ் இஸ் ஓவர். யூ கேன் கோ" என்றான்.

ஸ்ஸ்ஸ்...

"கிளாஸ் இஸ் ஓவர். யூ கேன் கோ."

ஒரு நாற்காலிகூட நகரவில்லை. "ப்ளீஸ்!" என்று கத்தினான். "ப்ளீஸ்!" என்று கத்தின. கும்பிட்டான், அழுதான். அந்த அழுகையையும் ஒரு மூலையிலிருந்து மூக்கால் அழுது காட்டியது ஏதோ ஒன்று. திருப்பிச் சொல்லத்தானே அவன் பழக்கியிருந்தான்? எழுந்து போகப் பழக்கவே இல்லையே. விளக்கை அணைத்துவிட்டு, ரோட்டில் இறங்கி, பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் நடந்தான். சளக்... சளக்... பின்னால் ஈர ஷூக்கள். அவன் நின்றால், ஓரடி வைத்துவிட்டு அவையும் நின்றன. அவனுடைய அறைக்கதவு வரைக்கும்.

அதற்குப் பிறகு அவன் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டான். இதையெல்லாம் என் சிநேகிதிக்கு மெசேஜில்தான் எழுதினான். புரொபசர் இல்லை, பார்ட் டைம்தான் என்பது முதற்கொண்டு எழுதி, கடைசியில் இப்படி முடித்திருந்தான்: "உங்க அக்காவை அனுப்பாதே. போன்ல நான் என்ன சொன்னாலும் நம்பாதே."

அவள் நம்பவில்லை. பார்ட் டைம் என்பதை நம்பினாள், பேய் என்பதைத்தான் நம்பவில்லை. "புளுகு வெளிய வந்திடும்னு அத்தான் பேய்க்கதை விடறாரு" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். நானும்தான் சிரித்தேன். வாழ்நாள் முழுக்கக் காது குத்தினவன் ஒருநாள் நிஜம் சொன்னால் யார் கேட்பார்கள்?

அந்த வாரமே குடும்பம் வரலாம் என்று அனுமதி வந்துவிட்டது. மணி நேரம்தான் குறையவே இல்லையே! வீட்டில் ஒரே கொண்டாட்டம். போனை ஸ்பீக்கரில் போட்டு எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள். என் சிநேகிதியும் இருந்தாள். அக்கா கேட்டாள்:

"நாங்க கிளம்பி வரட்டுமாங்க?"

அப்புறம் ஸ்ஸ்ஸ்... என்று காற்று இழுபடுகிற சத்தம்.

"கிளம்பி வா."

நல்ல தமிழ். ஆனால் ஒரு கூட்டமே சொன்னது... இழுத்து, மூக்கால், தடுக்கித் தடுக்கி. அதற்குப் பிறகு தனியாக அவன் குரல், தப்பாகச் சொன்னால் அடி விழும் என்று பயப்படுகிற பிள்ளை மாதிரி:

"கிளம்பி வா."

"லைன்ல எக்கோ அடிக்குது" என்று அக்கா சிரித்தாள். மாமியார்க்காரியும் சிரித்தாள். என் சிநேகிதிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எக்கோ என்றால் பின்னால்தானே வரும்? முன்னால் வருமா? சொல்லிப் பார்த்தாள், அழுது பார்த்தாள். "உனக்குப் பொறாமைடி" என்று அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். புரொபசர் பெண்டாட்டி ஆயிற்றே. பெட்டியைக் கட்டிக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கெடட்டும், எனக்கொன்றும் வருத்தமில்லை. அவனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். ஆனால் அந்தக் குழந்தை யாரைக் கிண்டல் செய்தது? அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

நேற்றுத்தான் என் சிநேகிதி அங்கே போன் போட்டிருக்கிறாள். அக்கா எடுத்தாளாம், ஒன்றும் பேசவில்லையாம். பின்னால் எங்கேயோ சளக் சளக் என்று சத்தம். "சரி, குழந்தைகிட்டயாவது குடு" என்றாளாம் இவள்.

போன் கை மாறியது. குழந்தை சிரித்தது, தெளிவாகக் கேட்டதாம். அப்புறம் ஸ்ஸ்ஸ்...

"சித்தி" என்றார்கள் எல்லாரும்.

"சித்தி" என்றது குழந்தை.