சிவப்பு மணல் திரும்பும் வழி

பௌர்ணமிக்கு மறுநாள், காலை ஆறரை மணி பஸ். எங்கள் ஆய்வு மையத்தின் அன்புக்கரசி அம்மையார் விருத்தாசலத்தில் அதில்தான் ஏறுவார். சேத்தியாத்தோப்பில் மாறி, வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் போய் இறங்குவார். அன்று கடல் நன்றாக உள்வாங்கியிருக்கும். ஓய்வு பெறும் இந்த மாதமும் போனார்.

கடல் இல்லாத ஊரில் இருந்துகொண்டு கடலைக் கணித்த பெருந்தகை அவர்! வெள்ளம் எவ்வளவு ஏறும், எந்தக் கரையின் மணலை அலை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று கணினியில் கணிப்பதிலேயே அவருடைய பணிக்காலம் கழிந்தது. கணினியை மட்டுமே நம்பி அவர் இருந்துவிடவில்லை. நம் ஊர்ச் சூளையில் களிமண்ணை மணல் பருமனுக்குச் சிவப்பாகச் சுட்டு வாங்குவார். அதை முகத்துவாரத்தில் கொட்டி, எங்கே போகிறதென்று கரையெல்லாம் தேடுவார்.

"கடல்ல இல்லாத மணலாங்க? கூட ரெண்டு பொம்ம தரேன், அதையும் வுட்டுப் பாருங்க" என்று சூளைக்காரர் பழமலைநாதன் சீண்டுவார்.

"உங்க பொம்ம கரையிலயே ஒக்காந்துக்கும். மணலத் தாங்க."

முகத்துவாரத்து மணல்திட்டில் ஒரு குப்பம் இருந்தது. அடுத்த பெருவெள்ளத்தில் திட்டு நிற்காது என்றது அவருடைய கணிப்பு. வீடு வீடாகப் போய்ச் சொன்னார். மீன் விற்கும் ஆதிலட்சுமி ஒன்றுதான் கேட்டார்: "போன மண்ணு திரும்ப வருமாங்க?"

"வரும்" என்றார் அம்மையார். கணிப்பும் அப்படித்தான் சொன்னது.

குப்பம் மேட்டுக்குக் குடிபோனது. அந்த ஆண்டு மழை வெள்ளத்தில் திட்டு கரைந்தது. ஓர் உயிரும் போகவில்லை. அதற்காக ஊர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. அவரோ "வரும்" என்று சொன்ன அந்தச் சொல்லை மறக்கவில்லை.

மாதந்தோறும் திட்டு இருந்த இடத்தில் மணலை அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, தாம் கொட்டிய சிவப்பு மணலைத் தேடினார். அது வந்தால் திட்டின் மண்ணும் வரும். தென்மேற்குக் காற்றில் அது வடக்கே வெகுதூரம் போயிருந்தது. வாடைக் காற்றில் கொஞ்சம் திரும்பியது. திட்டுக்கு மட்டும் வரவில்லை. இந்த மாதமும் வரவில்லை. ஈரக் கையைத் துடைக்காமலே பஸ் ஏறினார்.

அவர் நோயின்றி நெடுங்காலம் வாழ வேண்டும். அந்தத் திட்டு மீண்டும் எழுந்து, அதில் அவர் கால் பதிக்கும் நாள் வர வேண்டும். ஆய்வு மையப் பணியாளர்கள் நாங்கள் அனைவரும் வேண்டுவது இதுவே.

இந்த வாழ்த்தை எழுதி முடிக்கும்போது அவர் மேசைத் தொலைபேசி அடித்தது. எடுத்தோம். ஆதிலட்சுமி.

"மேடம் இல்லீங்களா? செரி, நீங்களாச்சும் சொல்லுங்க. எங்க மண்ணு இப்ப எதுவரைக்கும் வந்திருக்குது?"